நீலக் குழந்தைகளும் யாரும் கேட்காத ஒரு கேள்வியும்

டிஸ்கி: நான் படிப்பது பி.காம். மருத்துவம் இல்லை. படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் தங்கையை வருடாந்திர செக்கப்புக்கு அழைத்துப் போயிருந்தோம். அவளுக்கு நாலு வயதில் இதய ஆபரேஷன் நடந்தது. இப்போது பதினாறு. எக்கோ எடுத்தார்கள். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு "ரொம்ப நல்லா இருக்கு" என்றார். பிறகு அம்மாவிடம் மூன்று கேள்வி கேட்டார். மூச்சு வாங்குதா? நல்லா சாப்பிடறாளா? மாத்திரை ஒழுங்கா போடறாளா? மூன்றுக்கும் அம்மாவே பதில் சொன்னார். பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே தங்கை கேட்டாள். "அண்ணா, நான் காலேஜ் முடிக்கிற வரைக்கும் இருப்பேன்ல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுடைய இதயம் நன்றாக இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியவில்லை. இத்தனை வருடமாக அந்தக் கேள்வியை உள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். நாங்கள் யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

அன்று இரவு இணையத்தில் தேட ஆரம்பித்தேன். இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை என்று புரிந்தது. குழந்தைகளின் இதயத்தைச் சரிசெய்யக் கற்றுக்கொண்ட மருத்துவம், அந்தக் குழந்தையின் மனதைத் திரும்பிப் பார்க்கப் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த வரலாறுதான் இந்தப் பதிவு.

நீலம் ரோஸ் ஆன நாள்

பிறக்கும் குழந்தைகளில் சுமார் நூற்றுக்கு ஒன்றுக்கு இதயத்தில் ஏதோ ஒரு பிறவிக் குறைபாடு இருக்கிறது. சில தானாகவே சரியாகிவிடும். சில உயிரையே எடுத்துவிடும். இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில் டாக்டர்களால் பெற்றோருக்கு ஆறுதல் சொல்ல முடிந்ததே தவிர வேறொன்றும் செய்ய முடியவில்லை.

1938-இல் பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் என்ற 33 வயது டாக்டர், ஏழு வயதுச் சிறுமி ஒருத்திக்கு ஓர் ஆபரேஷன் செய்தார். கருவில் இருக்கும்போது தேவைப்படும் ஒரு ரத்தக்குழாய் பிறந்த பிறகு மூடிக்கொள்ள வேண்டும். அவளுக்கு மூடவில்லை. அதை நூலால் கட்டினார். அவருடைய மேலதிகாரி அப்போது ஊரில் இல்லை. இருந்திருந்தால் அனுமதித்திருக்க மாட்டார் என்கிறார்கள். சிறுமி பிழைத்தாள்.

அடுத்த பெயர் ஹெலன் டாசிக். பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 1930 முதல் குழந்தைகள் இதயப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர். அவருக்குக் காது சரியாகக் கேட்காமல் போய்விட்டது. ஸ்டெதஸ்கோப்பை நம்பி இருக்கும் ஒரு துறையில் காது கேட்காத டாக்டர்! அதனால் கையை வைத்துத் தொட்டுப் பார்த்தார். குழந்தைகளைக் கண்ணால் கவனித்தார்.

அப்படிக் கவனித்ததில் ஒன்று, நீலக் குழந்தைகள் குந்தி உட்காருவது. ரத்தத்தில் ஆக்சிஜன் போதாமல் உதடும் நகமும் நீலம் பாரித்த பிள்ளைகள், நாலடி ஓடினால் அப்படியே குந்திவிடுவார்கள். குந்தும்போது கால்களுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் அழுத்தப்பட்டு, கொஞ்சம் கூடுதலான ரத்தம் நுரையீரல் பக்கம் திரும்பும். அந்தப் பிள்ளைகளுக்கு இது யாரும் சொல்லித்தரவில்லை. உடம்பே கண்டுபிடித்துக்கொண்டது.

நுரையீரலுக்கு ரத்தம் போக ஒரு புதுப் பாதை போட்டால் என்ன என்று டாசிக் கேட்டார். ஆல்ஃபிரட் பிளலாக் என்ற சர்ஜன் ஒப்புக்கொண்டார். எப்படிச் செய்வது என்பதைச் சோதனைக்கூடத்தில் நாய்களுக்குச் செய்து பார்த்துத் தேர்ந்தவர் விவியன் தாமஸ் என்ற கறுப்பின உதவியாளர். மருத்துவக் கல்லூரிப் படியே மிதிக்காதவர். 1944 நவம்பர் 29 அன்று ஐலீன் சாக்ஸன் என்ற 15 மாதக் குழந்தைக்கு ஆபரேஷன் நடந்தபோது, தாமஸ் பிளலாக்கின் பின்னால் ஒரு ஸ்டூலில் நின்று வழி சொல்லிக்கொண்டிருந்தார். குழந்தையின் எடை 5 கிலோகூட இல்லை. அவள் அன்று பிழைத்தாள், ஆனால் சில மாதங்களில் இறந்துபோனாள். மூன்றாவதாக ஆபரேஷன் செய்துகொண்ட சிறுவனுக்கு மேஜையிலேயே உதடு ரோஸ் நிறமாக மாறியது. செய்தி உலகமெல்லாம் பரவியது. பல நாடுகளிலிருந்து பெற்றோர்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பால்டிமோருக்கு ஓடினார்கள்.

பத்து வருடம் கழித்து, 1954-இல், மின்னசோட்டாவில் வால்டன் லில்லிஹை இன்னும் துணிந்தார். குழந்தையின் இதயத்தைத் திறந்து வேலை செய்யும் நேரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய, பக்கத்து மேஜையில் பெரும்பாலும் அப்பாவையோ அம்மாவையோ படுக்கவைத்து இருவரின் ரத்தக்குழாய்களையும் குழாய் வழியாக இணைத்தார். ஒரே ஆபரேஷனில் இரண்டு உயிர் போகக்கூடிய ஆபத்து. 45 பேருக்கு இப்படிச் செய்தார். 28 பேர் நலமாக வீடு திரும்பினார்கள்.

இதுவரை படித்தபோது எனக்குப் புல்லரித்தது. பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. பிழைத்தது எத்தனை, இறந்தது எத்தனை என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. மார்பைத் திறந்து மூடி, தனியாக ஒரு வார்டில் கண் விழித்த அந்தக் குழந்தை என்ன நினைத்தது?

ஞாயிறு மட்டும், 2 முதல் 4 வரை

1947-இல் பிளலாக் லண்டனுக்கு வந்து கைஸ் மருத்துவமனையில் நீலக் குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்து காட்டினார். பெரிய வெற்றி. அதே கைஸ் மருத்துவமனையில் 1949-இல் குழந்தைகளைப் பார்க்கப் பெற்றோருக்குக் கொடுத்த நேரம் என்ன தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை மதியம் 2 மணி முதல் 4 மணி வரை. அவ்வளவுதான். லண்டனில் இன்னொரு பெரிய மருத்துவமனையில் முதல் ஒரு மாதம் பார்க்கவே கூடாது. இரவு 7 மணிக்கு மேல், குழந்தை தூங்கிய பிறகு எட்டிப் பார்க்கலாம். வேறொன்றில், மூன்று வயதுக்குக் கீழே இருந்தால் தடுப்புக்கு வெளியே நின்று பார்ப்பதோடு சரி.

இது கொடுமைக்காகச் செய்ததில்லை. தொற்று வரும் என்ற பயம் ஒரு காரணம். இன்னொரு காரணம், அம்மா வந்துபோனால் குழந்தை அழுகிறது, வராவிட்டால் இரண்டு நாளில் அடங்கிவிடுகிறது என்பது. அடங்கிய குழந்தையை "பழகிவிட்டது" என்று எழுதிக்கொண்டார்கள்.

அது பழகியதே இல்லை என்று சொன்னவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். உலகப்போர் காலத்தில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் பாய்லர் அறையைப் பார்த்துக்கொண்டவர். அந்தக் காப்பகத்தை நடத்தியவர் சிக்மண்ட் ஃப்ராய்டின் மகள் அன்னா ஃப்ராய்ட். அங்கே வேலை செய்யும் எல்லோரும் பிள்ளைகளைக் கவனித்துக் குறிப்பு எழுதவேண்டும். ராபர்ட்சனும் எழுதினார், பின்னாளில் ஆய்வாளரும் ஆனார். மருத்துவமனைக் குழந்தைகள் மூன்று கட்டமாக மாறுகிறார்கள் என்றார். முதலில் அழுது அடம்பிடிப்பார்கள். அடுத்து நம்பிக்கை இழந்து சோர்ந்துபோவார்கள். கடைசியில் மனதை விலக்கிக்கொள்வார்கள். நர்ஸுகள் "செட்டில் ஆகிவிட்டது" என்று சந்தோஷப்பட்டது இந்த மூன்றாவது கட்டத்தைத்தான்!

சொன்னால் யாரும் நம்பவில்லை. அதனால் 1952-இல் படம் எடுத்தார். லாரா என்ற இரண்டரை வயதுச் சிறுமி ஒரு சின்ன ஆபரேஷனுக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருந்ததை அப்படியே படம் பிடித்தார். அழுது ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை. அந்தக் குழந்தை அழுகையை அடக்கிக்கொள்வதுதான் படம். வீட்டுக்குப் போகும்போது அவள் அம்மாவின் கையைப் பிடிக்க மறுக்கிறாள். லண்டனில் டாக்டர்கள் கூட்டத்தில் போட்டுக்காட்டியபோது பலர் கோபப்பட்டார்கள், மருத்துவர்களை அவமதிக்கிறார் என்றார்கள்.

ஆனாலும் படம் வேலை செய்தது. 1959-இல் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட பிளாட் அறிக்கை, பெற்றோர் எந்த நேரமும் வந்து பார்க்கலாம், சிறு குழந்தையோடு அம்மா தங்கலாம் என்று பரிந்துரைத்தது. நடைமுறைக்கு வர இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன. அம்மாக்களே சங்கம் வைத்துப் போராட வேண்டியிருந்தது. லாராவுக்கு இருந்தது இதய நோய் இல்லை. ஆனால் இதய ஆபரேஷனுக்கு வாரக்கணக்கில் படுத்த குழந்தைகளும் இதே கதவுகளுக்குப் பின்னால்தான் இருந்தார்கள்.

"குழந்தைக்கு வலி தெரியாது"

இந்தப் பகுதியை எழுதக் கை வரவில்லை. ஆனால் விடவும் முடியவில்லை.

பச்சிளம் குழந்தையின் நரம்பு மண்டலம் முழுசாக வளரவில்லை, அதனால் வலி தெரியாது, தெரிந்தாலும் நினைவில் நிற்காது என்று மருத்துவ உலகம் வெகுகாலம் நம்பியது. மயக்க மருந்து அதிகம் கொடுத்தால் இறந்துவிடும் என்ற நியாயமான பயமும் கூடவே இருந்தது. விளைவு, 1980-களில்கூட குறைமாதக் குழந்தைகளுக்குத் தசையை அசையாமல் செய்யும் மருந்தை மட்டும் கொடுத்து, சரியான மயக்கமோ வலிநிவாரணியோ இல்லாமல் ஆபரேஷன் செய்யும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. குழந்தை அசையாது. அழ முடியாது. உணரும்.

1985-இல் அமெரிக்காவில் ஜெஃப்ரி லாசன் என்ற குறைமாதக் குழந்தைக்கு இப்படித்தான் நடந்தது. கிராஸ் 1938-இல் கட்டினாரே, அதே ரத்தக்குழாயைக் கட்டும் ஆபரேஷன். குழந்தை சில வாரங்களில் இறந்துபோனது. மயக்க மருந்து கொடுக்கவில்லை என்பது அம்மா ஜில் லாசனுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் சும்மா இருக்கவில்லை. டாக்டர்களுக்கு எழுதினார், மருத்துவ அமைப்புகளுக்கு எழுதினார். 1986-இல் விஷயம் பத்திரிகைக்கு வந்தது.

அதே காலத்தில், இந்தூரில் மருத்துவம் படித்துவிட்டு ஆக்ஸ்போர்டில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார் கன்வல்ஜீத் ஆனந்த் என்ற நம் நாட்டு டாக்டர். அவரும் அதே ஆபரேஷனைத்தான் எடுத்துக்கொண்டார். 16 குறைமாதக் குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வழக்கமான மருந்தும் இன்னொன்றுக்குக் கூடவே வலுவான வலிநிவாரணியும் கொடுத்தார். ரத்தத்தில் அழுத்த ஹார்மோன்களை அளந்தார். வலிநிவாரணி கிடைக்காத குழந்தைகளின் உடம்பு கொந்தளித்திருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு சிக்கலும் அவர்களுக்குத்தான் அதிகம். 1987-இல் லான்செட் இதழில் இது வெளிவந்தது. அதே ஆண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பும் பச்சிளம் குழந்தைக்கும் வலிநிவாரணம் தரவேண்டும் என்று அறிவித்தது.

1992-இல் ஆனந்தும் சக டாக்டரும் பெரிய இதய ஆபரேஷன் செய்துகொண்ட 45 பச்சிளம் குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். ஆழ்ந்த வலிநிவாரணம் பெற்ற 30 பேரில் ஒருவரும் இறக்கவில்லை. லேசான மயக்கம் மட்டும் பெற்ற 15 பேரில் 4 பேர் இறந்தார்கள். வலியைப் போக்குவது இரக்கம் மட்டும் இல்லை, உயிரைக் காப்பதும் அதுதான் என்று ஆனது.

அம்மாவின் பயம்

உயிர் பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகு?

1966-இல் கலிஃபோர்னியாவில் லெனார்ட் லிண்டேயும் சகாக்களும் ஒரு கட்டுரை எழுதினார்கள். இதயக் குறைபாடு எவ்வளவு பெரியதோ அவ்வளவு தூரம் குழந்தையின் மனம் பாதிக்கப்படும் என்றுதானே நாம் நினைப்போம்? அவர்கள் பார்த்தது வேறு. குழந்தையின் பதற்றம் நோயின் கடுமையைவிட அம்மாவின் பதற்றத்தோடுதான் அதிகம் ஒட்டிப்போனது. சரியாக 25 வருடம் கழித்து, 1991-இல், டேவிட் டிமாசோ பாஸ்டனில் கிட்டத்தட்ட இதையே திரும்பக் கண்டார். மருத்துவக் கடுமையைவிட, அம்மா அந்த நோயை எப்படிப் பார்க்கிறார் என்பதே குழந்தையின் மனநிலையை அதிகம் காட்டிக்கொடுத்தது.

இதை "எல்லாம் அம்மா தப்பு" என்று படித்தால் அதைவிட அநியாயம் இல்லை. என் அம்மா தங்கையை ஓட விட்டதில்லை. பள்ளியில் பி.டி. பீரியடில் அவள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மற்ற பிள்ளைகளின் வாட்சையும் தண்ணீர் பாட்டிலையும் பார்த்துக்கொள்வாள். "ஹார்ட் பேஷண்ட்" என்று ஒரு பட்டப்பெயரும் கிடைத்தது. தழும்பு தெரியும் என்று கழுத்து இறங்கிய சுடிதார் போடமாட்டாள். அம்மா ஏன் ஓட விடவில்லை? தூங்கும் குழந்தையின் மூக்கில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று நாலு வருடம் பார்த்தவர் அவர். ஆபரேஷன் முடிந்ததும் "சரியாகிவிட்டது" என்று சொன்னார்கள். "இனி ஓடலாம்" என்று யாரும் சொல்லவில்லை. ஓடலாமா என்று கேட்கவேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. சொல்லப்படாத இடத்தைப் பயம் நிரப்பிக்கொண்டது. குழந்தை அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் தன் இதயத்தைப் புரிந்துகொள்கிறது. 1966-ஆம் வருடக் கட்டுரை சொன்னதை நான் இப்படித்தான் படிக்கிறேன்.

பிழைத்தவர்கள் வளர்ந்தார்கள்

இதற்கிடையில் அறுவை மருத்துவம் பாய்ந்து போனது. 1953-இல் ஜான் கிப்பன் இதய-நுரையீரல் இயந்திரத்தோடு முதல் வெற்றி கண்டார். 1968-இல் ஃபிரான்ஸில் ஃபோன்டான் ஓர் ஆபரேஷன் செய்தார். அதன் வழி வந்த முறைகளால் ஒரே கீழறை வேலை செய்யும் இதயத்தோடும் வாழ முடிந்தது. 1975-இல் பிரேசிலில் ஜாட்டேன் இடம் மாறிப் பிறந்த பெரிய ரத்தக்குழாய்களை மாற்றிப் பொருத்தினார். இறப்பு குறையக் குறைய, "பிழைக்குமா?" என்ற கேள்விக்கு அடுத்த கேள்வி கேட்க முதல்முறையாக இடம் வந்தது.

பாஸ்டனில் 1988 முதல் 1992 வரை, ரத்தக்குழாய் இடம் மாறிப் பிறந்த 171 குழந்தைகளை ஓர் ஆய்வில் சேர்த்தார்கள். ஆபரேஷனின்போது மூளையைப் பாதுகாக்க எந்த முறை நல்லது என்று பார்க்கத்தான் ஆரம்பித்தார்கள். ஜேன் நியூபர்கரும் டேவிட் பெல்லிங்கரும் அந்தக் குழந்தைகளை அதோடு விட்டுவிடவில்லை. 1 வயது, 4 வயது, 8 வயது, 16 வயது என்று தொடர்ந்தார்கள். அறிவுத்திறன் பெரும்பாலும் சராசரியை ஒட்டியே இருந்தது. ஆனால் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பள்ளியில் ஏதாவது சிறப்பு உதவி தேவைப்பட்டிருந்தது. கவனம், திட்டமிடுதல், அடுத்தவர் மனதைப் புரிந்துகொள்வது போன்றவற்றில் சிரமம் தெரிந்தது.

காரணம் ஒன்றே ஒன்று இல்லை. சில கடுமையான குறைபாடுகளில், நிறைமாதத்தில் பிறந்தாலும் மூளை சுமார் ஒரு மாதம் பின்தங்கி இருப்பதாக ஸ்கேன் ஆய்வுகள் காட்டின. கருவிலேயே ஆக்சிஜன் குறைகிறது. அதன்மேல் ஆபரேஷன், ஐ.சி.யூ., தவறிப்போன பள்ளி நாட்கள், மரத்தடி, பட்டப்பெயர் எல்லாம் ஏறி உட்காருகின்றன.

2012-இல் அமெரிக்க இதயச் சங்கம், ஆபத்து அதிகமுள்ள இதயக் குழந்தைகளுக்கு வளர்ச்சிப் பரிசோதனையும் தொடர் கவனிப்பும் வேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. 2017-இல் டிமாசோ குழு ஒரே கீழறையோடு வளர்ந்த 156 பதின்வயதினரைப் பற்றி எழுதியது. அவர்களில் 65 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது பதற்றம், கவனக்குறைவு போன்ற மனநலப் பாதிப்பு ஒன்று இருந்திருக்கிறது. ஒப்பிட எடுத்துக்கொண்ட மற்ற பிள்ளைகளில் அது 22 சதவீதம். 2022-இல் அதே சங்கம் இன்னொரு அறிக்கை வெளியிட்டது. மனநல நிபுணரும் இதயச் சிகிச்சைக் குழுவில் ஒருவராக இருக்கவேண்டும் என்றது. ஐலீன் சாக்ஸன் மேஜையில் படுத்த நாளிலிருந்து எண்ணினால் 78 வருடம்.

கணக்குப் பாடம்

எங்களுக்கு முதல் வருடத்தில் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், பேரேட்டில் பத்தி இல்லாத விஷயம் கணக்கில் வராது என்பது. வராததால் அது நடக்கவில்லை என்று ஆகிவிடாது. செலவு செலவுதான். யாரோ ஒருவர் கையிலிருந்து போய்க்கொண்டே இருக்கும்.

இதயக் குழந்தைகளின் பேரேட்டில் முதலில் இரண்டே பத்திகள்தான் இருந்தன. பிழைத்தவர், இறந்தவர். அந்த டாக்டர்களை நான் குறை சொல்லவில்லை. குழந்தை செத்துக்கொண்டிருக்கும்போது முதலில் உயிரைத்தான் பார்க்க முடியும். அவர்கள் இல்லாவிட்டால் என் தங்கை இல்லை. ஆனால் புதுப் பத்தி தானாக வந்ததில்லை. ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் கேட்க வேண்டியிருந்தது. பாய்லர் அறையிலிருந்து வந்த ஒருவர், குழந்தையை இழந்த ஓர் அம்மா, இந்தூரில் படித்த ஓர் இளம் டாக்டர்.

நம் ஊரில் டாக்டர் முன்னால் வரிசை எவ்வளவு நீளம் என்று தெரியும். எல்லா இதய கிளினிக்கிலும் நாளைக்கே மனநல நிபுணர் வேண்டும் என்று கேட்க நான் தயாரில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு நிமிடம், அம்மாவைப் பார்க்காமல் பிள்ளையைப் பார்த்து "உனக்கு ஏதாவது கேட்கணுமாம்மா?" என்று கேட்டால் போதும். அதற்கு மெஷின் வேண்டாம். வகுப்பில் நெஞ்சில் தழும்போடு ஒரு பிள்ளை இருந்தால், மரத்தடிக்கு அனுப்பும் முன் என்ன விளையாடலாம் என்று அதன் டாக்டரிடம் எழுதி வாங்கிவரச் சொன்னால் போதும். பல பிள்ளைகளுக்கு நாம் நினைப்பதைவிட அதிகமாகவே அனுமதி இருக்கும்.

போன வாரம் தங்கையும் நானும் உட்கார்ந்து அவளுடைய பழைய ஃபைலை முதல் பக்கத்திலிருந்து படித்தோம். என்ன குறைபாடு, என்ன செய்தார்கள் என்று ஒரு பேப்பரில் படம் போட்டுப் பார்த்தோம். தன் இதயத்தில் நடந்தது என்ன என்று அவளுக்கு அன்றுதான் முதல்முறையாகத் தெரிந்தது. பதினாறு வயதில்! பிறகு அடுத்த செக்கப்பில் அவளே டாக்டரிடம் கேட்கவேண்டிய கேள்விகளை எழுதினாள். ஏழு கேள்வி. முதல் கேள்வி நான் எதிர்பார்த்தது இல்லை. "நான் ஷட்டில் ஆடலாமா?"

பஸ்ஸில் கேட்டது மூன்றாவதாக இருக்கிறது.

உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ இப்படி யாராவது இருந்தால், அவர்களிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். என்ன சொன்னார்கள் என்று முடிந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள். மருத்துவம் படிக்கும் நண்பர்கள் பதிவில் தவறு இருந்தால் திருத்துங்கள், தலைக்குமேல் வைத்துக்கொள்கிறேன் :-)